ஃபிகோ ஓடுச்சு, ஃபோர்டு ஏன் நின்னுச்சு?

டிஸ்கி: நான் ஆட்டோமொபைல் ஆள் கிடையாது. படிச்சது எலெக்ட்ரானிக்ஸ், பொழப்பு ஜாவா. மெக்கானிக்கல் மக்கள் யாராவது இந்தப் பக்கம் வந்தா பின்னூட்டத்துல தாராளமா திட்டலாம், தாங்கிக்கிறேன் :-)

மாசம் முதல் தேதி ஆனா போதும், எங்க ஆபீஸ் வாட்ஸப் குரூப்ல ஒரு பட்டியல் வந்து விழும். எந்த கம்பெனி எத்தனை கார் வித்துச்சு, போன வருஷம் இதே மாசத்தை விட எத்தனை சதவீதம் கூட, எத்தனை சதவீதம் குறைச்சல்னு. அதுல ரொம்ப நாளா படுத்துக்கிடந்த ஒரு கம்பெனி ஒரு சின்ன காரை வெச்சு மேல வந்திருந்தா, உடனே யாராவது ஒருத்தர் "கம்பேக் கொடுத்துட்டாங்கய்யா"ன்னு அடிச்சு விடுவார். அதுக்கு கீழ ஏழெட்டு கட்டை விரல்.

இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஃபோர்டு ஃபிகோ ஞாபகம்தான் வரும். மறைமலை நகர்ல செஞ்ச கார். 2010ல அது வித்த விற்பனையைப் பார்த்துட்டு, ஃபோர்டு இந்தியாவுல பிழைச்சுடுச்சுன்னு பத்திரிகையில இருந்து பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் எல்லாருமே சொன்னாங்க. 2021 செப்டம்பர் 9ம் தேதி அதே ஃபோர்டு இந்தியாவுல கார் செய்யறதை நிறுத்தறோம்னு அறிவிச்சது. நடுவுல பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்துல என்ன நடந்துச்சுங்கறதுதான் இந்தப் பதிவு.

கொஞ்சம் பின்னாடி போவோம். 1990கள் நடுவுல மஹிந்திராவோட சேர்ந்து ஃபோர்டு இங்க வந்தது. முதல் கார் எஸ்கார்ட், எடுபடலை. 1999ல ஐகான். அது நிஜமாவே நல்லா ஓடுச்சு, "ஜோஷ் மெஷின்" விளம்பரம் இன்னும் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் ஃப்யூஷன்னு ஒண்ணு விட்டாங்க, அதை விட்டது ஃபோர்டுக்கே ஞாபகம் இருக்குமான்னு தெரியலை. ஃபியஸ்டா பரவாயில்லை. ஆனா மொத்தத்துல, பத்து பதினஞ்சு வருஷம் கடை விரிச்சும் 2009ல இந்தியாவுல வித்தது சுமார் 30 ஆயிரம் கார்தான். மாருதிக்கெல்லாம் அது ரெண்டு மூணு வார கணக்கு.

காரணம் ரொம்ப சிம்பிள். இந்தியாவுல கார்னா சின்ன கார். 2006 பட்ஜெட்ல ப.சிதம்பரம் சின்ன காருக்கு கலால் வரியை 24 சதவீதத்துல இருந்து 16 ஆக்கினார். சின்ன கார்னா என்ன? நீளம் 4 மீட்டருக்குள்ள, பெட்ரோல்னா 1200 சிசிக்குள்ள, டீசல்னா 1500 சிசிக்குள்ள. நம்ம ஊர்ல டிக்கியை வெட்டின மாதிரி விசித்திரமான செடான் கார்கள் ஓடுதே, அதுக்கெல்லாம் மூலம் இந்த 4 மீட்டர்தான். ஃபோர்டுகிட்ட அப்ப இந்த அளவுக்குள்ள அடங்கற மாதிரி எதுவுமே இல்லை.

அதனால 2008 ஜனவரியில 50 கோடி டாலர் கூடுதலா போட்டு மறைமலை நகர் ஆலையை வருஷத்துக்கு 2 லட்சம் கார் செய்யற அளவுக்கு பெருசாக்கறோம்னு அறிவிச்சாங்க. 2009 செப்டம்பர்ல ஃபோர்டோட பெரிய தலை ஆலன் முலாலியே டில்லிக்கு வந்து ஃபிகோவை திரை விலக்கிக் காட்டினார். மனுஷன் அப்ப ஹீரோ. 2006ல ஃபோர்டு கம்பெனி ஒரே வருஷத்துல 1200 கோடி டாலருக்கு மேல நஷ்டம். நீல நிற லோகோ உட்பட எல்லாத்தையும் அடகு வெச்சு கடன் வாங்கி, 2009ல ஜிஎம்மும் க்ரைஸ்லரும் திவாலாகி அரசாங்கத்துகிட்ட கை நீட்டினப்ப, தான் அந்த வரிசையில நிக்காம தப்பிச்ச ஆள். அவரே நேர்ல வந்து ஒரு சின்ன காரைக் காட்டினா யாருக்குத்தான் நம்பிக்கை வராது?

2010 மார்ச்ல ஃபிகோ வந்தது. ஆரம்ப விலை டில்லியில 3.49 லட்சம். பெட்ரோல் 1.2 லிட்டர், டீசல் 1.4 லிட்டர். நீளம் 3.8 மீட்டர் கிட்ட. அதாவது அந்த வரிச் சட்டத்துக்கு அளவெடுத்து தைச்ச சட்டை. 2010ல ஃபோர்டு இந்தியாவோட விற்பனை 80 ஆயிரத்தைத் தாண்டுச்சு. ஒரே வருஷத்துல ரெண்டரை மடங்குக்கு மேல. ஒண்ணரை வருஷத்துக்குள்ள ஒரு லட்சம் ஃபிகோ. 2011க்கான இந்தியாவின் சிறந்த கார் விருதும் அதுக்குத்தான்.

எங்க சித்தப்பா அந்த ஒரு லட்சத்துல ஒருத்தர். டீசல் ஃபிகோ. அப்ப நான் ஸ்கூல் பையன், வீட்டுல எல்லாரும் அதுல ஏறி திருவண்ணாமலை போனோம். கதவை சாத்தினா "தொப்"புனு ஒரு சத்தம் வரும், அதை சாத்திக் காட்டறதுக்காகவே சித்தப்பா பல பேருக்கு லிஃப்ட் கொடுத்தார். அது நல்ல கார்ங்க. அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்லை. கார் மோசம், அதனால கம்பெனி போச்சுன்னு சொன்னா கதை சுலபமா முடிஞ்சிருக்கும். பிரச்சினையே கார் நல்லா இருந்ததுதான்.

இப்ப அந்த விற்பனையைக் கொஞ்சம் பிரிச்சு மேய்வோம்.

டீசல் ஃபிகோவுக்கு ஏன் அவ்வளவு மவுசு? 2010 ஜூன்ல மத்திய அரசு பெட்ரோல் விலை மேல இருந்த கட்டுப்பாட்டை எடுத்துடுச்சு. டீசல் மேல எடுக்கலை. பெட்ரோல் ஏறிக்கிட்டே போச்சு, டீசல் அப்படியே நின்னுச்சு. 2012 மே கடைசியில டில்லியில பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்னா எவன் பெட்ரோல் கார் வாங்குவான்? அந்த சமயத்துல கைக்கு அடக்கமான விலையில டீசல் சின்ன கார் வெச்சிருந்தவங்க கொஞ்ச பேர்தான். அதுல ராஜா ஸ்விஃப்ட். அதுக்கோ மாசக்கணக்குல வெயிட்டிங். 2011ல மானேசர் ஆலையில தொழிலாளர் போராட்டம் வந்து அந்த வெயிட்டிங் இன்னும் நீண்டுச்சு. காத்திருக்க முடியாதவங்க அடுத்த ஷோரூமுக்குள்ள நுழைஞ்சாங்க.

அதாவது ஃபிகோவோட விற்பனையில ஒரு பங்கு ஃபோர்டோட திறமை. ஒரு பங்கு டெல்லி போட்ட எரிபொருள் கொள்கை. இன்னொரு பங்கு மாருதியோட தலைவலி. மாச பட்டியல்ல இந்த மூணும் ஒரே எண்ணாத்தான் வரும்.

2014 அக்டோபர்ல டீசல் கட்டுப்பாடும் போச்சு. விலை வித்தியாசம் சுருங்குச்சு. ஊர் திரும்ப பெட்ரோலுக்கு மாறுச்சு.

இது நம்ம ஊர் கதை மட்டும் இல்லை. அதே காலத்துல அமெரிக்காவுல, அப்பதான் திவால்ல இருந்து எழுந்து வந்த ஜிஎம்முக்கும் இதே மாதிரி ஒரு சின்ன கார் அமைஞ்சுது. செவர்லே க்ரூஸ். (நமக்கு அது பெரிய கார், அவங்களுக்கு அது சின்ன கார்!) 2011 ஜூன்ல அமெரிக்காவுலேயே அதிகமா வித்த கார் அதுதான். ஜிஎம்மோட மறுபிறவின்னு கொண்டாடினாங்க. ஆனா அந்த வருஷம் மார்ச்ல ஜப்பான்ல சுனாமி வந்து டொயோட்டாவுக்கும் ஹோண்டாவுக்கும் உதிரி பாகமே கிடைக்காம, ஷோரூம்ல காட்ட கார் இல்லாத நேரம் அது. க்ரூஸ் செஞ்ச ஓஹையோ மாநில லார்ட்ஸ்டவுன் ஆலையை 2019 மார்ச்ல ஜிஎம் மூடுச்சு. ஜிஎம் கம்பெனி பிழைச்சது என்னவோ உண்மை. அது பிழைச்சது டிரக்கையும் எஸ்யூவியையும் வித்து. சின்ன கார் வெறும் போஸ்டர் பாய்.

எங்க தொழில்ல இதை தினமும் பார்க்கிறோம். பக்கத்து சைட் டவுன் ஆனதால நம்ம சைட்டுக்கு கூட்டம் வந்தா, அது ட்ராஃபிக் தான், ஆனா நம்ம ட்ராஃபிக் இல்லை. அதை நம்பி சர்வர் வாங்கினா அடுத்த மாசம் மேனேஜர் கூப்பிட்டு "தம்பி, உக்காருங்க"ன்னு சொல்வார்.

ஃபோர்டு சர்வர் வாங்குச்சு. அதுவும் சின்னது இல்லை. ஃபிகோ உச்சத்துல இருந்த 2011ல, குஜராத் சானந்துல 100 கோடி டாலர்ல இன்னொரு ஆலைன்னு அறிவிச்சாங்க. வருஷத்துக்கு 2.4 லட்சம் கார். அது திறந்தது 2015 மார்ச்ல, டீசல் காத்து அடங்கின அப்புறம். மறைமலை நகர் 2 லட்சம், சானந்த் 2.4 லட்சம். மொத்தம் 4 லட்சத்துக்கு மேல செய்யலாம். இந்தியாவுல வித்தது அதுல கால்வாசி கூட இல்லை. ஒரு கட்டத்துல உள்ளூர்ல வித்ததை விட வெளிநாட்டுக்கு அனுப்பினதுதான் அதிகம். ஏற்றுமதிதான் கொஞ்ச நாள் மூச்சு விட வெச்சது.

இதை கல்யாண மண்டபக் கணக்குல யோசிச்சுப் பாருங்க. 400 பேர் உட்கார்ற மண்டபம் எடுத்தாச்சு. பந்தியில 80 பேர். சாப்பாடு பிரமாதம், எல்லாரும் வயிறார வாழ்த்தறாங்க. ஆனா மண்டப வாடகை, கரண்டு, சமையல்காரர் கூலி எல்லாம் 400 பேருக்கான கணக்கு. 80 பேர் அடுத்த மாசம் 100 ஆனா, 25 சதவீத வளர்ச்சின்னு பேப்பர்ல போடலாம். பொண்ணைப் பெத்தவர் நிலைமை என்னவோ அதேதான். ஃபோர்டு கடையை மூடின சமயத்துல நிலைமை கிட்டத்தட்ட இந்த 400க்கு 80 தான்.

சரி, 2010க்கும் 2015க்கும் நடுவுல என்ன செஞ்சாங்க? இங்கதான் எனக்கு உண்மையான ஆத்திரம். ஃபிகோவால ஷோரூமுக்குள்ள வந்த லட்சம் குடும்பத்துக்கு அடுத்ததா என்ன காட்டினாங்க? 2011ல புது ஃபியஸ்டா, 8 லட்சத்துக்கு மேல ஆரம்ப விலை. அந்த விலைக்கு ஹோண்டா சிட்டியும் வெர்னாவும் எதிர்ல நிக்குது. ஃபியஸ்டா படுத்துச்சு. 2013ல எக்கோஸ்போர்ட் வந்தது, 5.59 லட்சத்துல, அடிச்சு ஆடுச்சு. சின்ன எஸ்யூவிங்கிற சந்தையையே திறந்து விட்டதுல அதுக்கு பெரிய பங்கு உண்டு. ஆனா திறந்த கதவு வழியா ப்ரெஸ்ஸாவும் வென்யூவும் நெக்ஸானும் உள்ள போச்சு, எக்கோஸ்போர்ட் அதே உடம்போட வாசல்லயே நின்னுச்சு. ஃபிகோவும் அப்படித்தான். 2010ல வந்த உடம்பு 2015 வரைக்கும். புது ஃபிகோ வந்த அடுத்த மாசமே பலேனோ வந்துடுச்சு. ஜனங்க அதுக்குள்ள ஒரு படி மேல ஏறியிருந்தாங்க.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் ஹூண்டாய். அவங்களும் நம்ம ஊர்தான், இருங்காட்டுக்கோட்டை. 1998ல சான்ட்ரோ. அதுவும் சின்ன கார், அதுவும் புது கம்பெனி. ஆனா சான்ட்ரோவோட நிக்கலை. கெட்ஸ், ஐ10, ஐ20, கிராண்ட் ஐ10, க்ரெட்டான்னு வரிசையா வந்துக்கிட்டே இருந்தது. சான்ட்ரோ வாங்கினவர் பையன் காலேஜ் சேரும்போது ஐ20க்கு மாறினார்.

இன்னொண்ணு, டாடா. 2015 வாக்குல டாடா காரை டாக்ஸிக்காரங்க தவிர வேற யாரும் சீந்தலை. 2016 ஏப்ரல்ல டியாகோ வந்தது. (முதல்ல ஸிக்கான்னு பேர் வெச்சாங்க. அதே நேரம் பார்த்து ஸிக்கா வைரஸ் பரவி, பேரை மாத்த வேண்டியதாப் போச்சு. சோதனைங்கறது இதான்!) டியாகோ வித்தப்பவும் "கம்பேக்"னு சொன்னாங்க. நானா இருந்தா அப்ப நம்பியிருக்க மாட்டேன். 2017ல நெக்ஸான், 2020ல அல்ட்ராஸும் மின்சார நெக்ஸானும், 2021ல பன்ச்னு தொடர்ந்து வந்த பிறகுதான் அது திருப்பம்னு சொல்ல முடிஞ்சது. 2024ல இந்தியாவுல அதிகமா வித்த கார் பன்ச். ஆனா ஒண்ணு, டாடாவுக்கு லாரி வியாபாரமும் ஜாகுவார் லேண்ட்ரோவரும் இருந்தது, கார் பிரிவு நஷ்டத்தைத் தாங்கற அளவுக்கு. டெட்ராய்ட்ல உட்கார்ந்து உலக வரைபடத்தைப் பார்க்கிறவங்களுக்கு இந்தியா ஒரு வரி. அழிக்கறது சுலபம்.

அந்த டாடாதான் 2023 ஜனவரியில ஃபோர்டோட சானந்த் ஆலையை 725.7 கோடி ரூபாய்க்கு வாங்குச்சு. (உடனே அந்த ரத்தன் டாடா, ஃபோர்டு, அவமானம், பழிக்குப் பழி வாட்ஸப் கதையை ஃபார்வர்டு பண்ணாதீங்க ப்ளீஸ். நூறு தடவை வந்தாச்சு.)

2021ல ஃபோர்டு கொடுத்த கணக்கு இது. பத்து வருஷத்துல 200 கோடி டாலருக்கு மேல நஷ்டம். அதுல முக்கால்வாசி வருஷம் ஃபிகோவோ எக்கோஸ்போர்ட்டோ ஏதோ ஒண்ணு "ஹிட்"னு பேர் வாங்கின வருஷம்தான். சுமார் 4,000 பேருக்கு வேலை பாதிக்கும்னு அவங்களே சொன்னாங்க. சுத்தி இருக்கிற சப்ளையர் கம்பெனி, கேன்டீன், வேன், டீக்கடை எல்லாம் அந்த எண்ணுக்கு வெளிய. 2022 மே கடைசியில தொழிலாளர்கள் நல்ல இழப்பீடு கேட்டு மறைமலை நகர்ல போராட்டம் பண்ணாங்க. அந்த வருஷம் ஜூலையில கடைசி எக்கோஸ்போர்ட் வெளிய வந்தது.

எங்க பெரியப்பா பையன் ஒருத்தர் அந்தப் பக்கம் சப்ளையர் கம்பெனி ஒண்ணுல டிப்ளமோ முடிச்சு சேர்ந்தவர். அவர்கிட்ட ஒரு தடவை, "நியூஸ்ல விற்பனை ஏறுதுன்னு போடறாங்களே அண்ணா, அப்ப உங்களுக்கெல்லாம் தெரியலையா?"ன்னு கேட்டேன். "நியூஸை எவன்டா பார்த்தான்? எத்தனை ஷிஃப்ட் ஓடுது, ஓட்டி இருக்கா இல்லையா, அதைத்தான் பார்ப்போம். மூணு ஷிஃப்ட் ரெண்டாச்சு, ரெண்டு ஒண்ணாச்சு. எங்களுக்கு முன்னாடியே தெரியும்"னார். இந்த மாதிரி ஒரு அளவுகோலை எந்த அனலிஸ்ட்டும் எக்ஸெல்ல போடறதில்லை.

அதோட, நம்ம ஊர்ல முதல் தேதி வெளிவர்ற "விற்பனை" பெரும்பாலும் கம்பெனி டீலருக்கு அனுப்பின எண்ணிக்கை. நீங்களோ நானோ வாங்கினது இல்லை. டீலரோட யார்டுல வெயில் காய்ஞ்சுக்கிட்டு நிக்கிற காரும் அந்தக் கணக்குல வித்த கார்தான். ஆர்டிஓ பதிவை வெச்சு டீலர் சங்கமான ஃபாடா தனியா ஒரு கணக்கு வெளியிடுது. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தா சில மாசம் நல்லா பொழுது போகும்.

இப்ப இதே கண்ணாடியைப் போட்டு நிசானைப் பாருங்க. 2020 டிசம்பர்ல 4.99 லட்சத்துக்கு மேக்னைட். ஒரகடம் ஆலை. நல்லா வித்தது, "நிசான் பிழைச்சுது"ன்னு அப்பவும் கேட்டோம். 2022ல டாட்சன் பிராண்டை மூடினாங்க, கிக்ஸும் போச்சு. பல வருஷம் மேக்னைட் தனி ஆளா கம்பெனியைத் தூக்கி சுமந்தது. 2025ல ஒரகடம் ஆலையில நிசான்கிட்ட இருந்த 51 சதவீதப் பங்கையும் கூட்டாளி ரெனோவே வாங்கிக்குச்சு. நிசானுக்கான கார்கள் அங்கேயே தொடரும்னு சொல்லியிருக்காங்க, புது மாடல்களும் அறிவிச்சிருக்காங்க. அந்த ரெண்டாவது, மூணாவது கார் வந்து ஒரு ரெண்டு வருஷம் நிக்கட்டும், அதுக்கப்புறம் நான் கட்டை விரல் போடறேன்.

ஃபோர்டும் திரும்ப வருதாம். 2024 செப்டம்பர்ல முதல்வர் ஸ்டாலின் அமெரிக்கா போயிருந்தப்ப பேசி, மறைமலை நகர் ஆலையை ஏற்றுமதிக்குப் பயன்படுத்தறோம்னு கடிதம் கொடுத்தாங்க. 2025 அக்டோபர் கடைசியில விவரம் வந்தது. 3,250 கோடி ரூபாய் முதலீடு, வருஷத்துக்கு 2.35 லட்சம் எஞ்சின், 600க்கு மேல வேலை, உற்பத்தி 2029ல. கார் இல்லை, எஞ்சின். சானந்தை வித்தப்பவும் எஞ்சின் பிரிவை மட்டும் தங்ககிட்டயே வெச்சுக்கிட்டாங்கங்கறதை இதோட சேர்த்துப் படிக்கணும். எனக்கு இது ஃபிகோவை விட நம்பிக்கையான செய்தியாத்தான் படுது. எஞ்சினை வாங்கப்போறது ஃபோர்டே. டீசல் விலையையும் ஸ்விஃப்ட் வெயிட்டிங்கையும் நம்பி இது நடக்கலை. ஆனா முதல் தேதி பட்டியல்ல இது வரவே வராது, வாட்ஸப்ல யாரும் கொண்டாடவும் மாட்டாங்க.

அண்ணன் இப்ப ஒரகடம் பக்கம் வேற கம்பெனியில இருக்கார். 2029ல ஆள் எடுத்தா விண்ணப்பம் போடுவீங்களான்னு கேட்டேன். எத்தனை ஷிஃப்ட்னு கேட்டுச் சொல்லச் சொன்னார்.